பெட்டியடியும் காற்றின் பேரேடும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் பகுதியின் நடுவே செல்வது பினாங்கு வீதி. அதனைக் குறுக்கிடும் மார்க்கெட் வீதியைத் தமிழர் கடைத் தெரு என்றே அழைத்து வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு தொட்டு இங்கு நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இயங்கின. அவை கொடுக்கல் வாங்கல் நடந்த இடங்கள் மட்டுமல்ல. வணிகக் கல்விக் கூடங்களுமாம். நம்மவரின் கல்வி வரலாற்றை எழுதப் புகுந்தோர் இதனைப் போதிய அளவு கருதினாரில்லை.

நீண்ட கூடத்தில் ஒவ்வொரு விலாசத்துக்கும் ஒரு பெட்டி. அதனருகே மேலாள், அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். முந்திரி, காணி, மா என்னும் கீழ்வாய் இலக்கங்களை ஊரில் மனனம் செய்து கப்பலேறி வந்த சிறுவன், இங்கே எவரிடமும் விரிவுரை கேட்டானல்லன். குறிப்பு எழுதினான், பேரேட்டில் பற்று வரவு பதிந்தான், வட்டி கூட்டினான், தவணை தவறியவரைத் தேடி நடந்தான். மாலையில் இருப்பு ஒரு காசு பிசகினாலும் பெட்டி மூடப்படாது. செய்து கற்றான், தவறிக் கற்றான். அவ்வுலகத்தின் நடையுடை பேச்சினைத் தமிழ் நாவலுக்குள் கொணர்ந்தவர் ப. சிங்காரம்.

செய்து கற்கும் இதே நெறி, முற்றிலும் வேறானதொரு சூழலில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் வேரூன்றியது. 1956இல் அதன் மேலாண்மைப் பள்ளிக்கு வந்த பொறியியலறிஞர் ஜே ஃபாரஸ்டர், சரக்குத் தேக்கம் உண்டாகும் விதத்தை மாணவர் தாமே உணருமாறு ஒரு விளையாட்டினைப் புகுத்தினார். சில்லறைக் கடைக்காரர், மொத்த வணிகர், விநியோகிப்பவர், ஆலைக்காரர் என நால்வராய் அமர்ந்து, பீர்ப் பெட்டிகளுக்கு ஆணை அனுப்பும் விளையாட்டு அது. (பண்டத்தின் பெயர் தமிழாசிரியர் செவிக்கு உவப்பாய் இராது; எண்ணெய் டின் என்று கொண்டாலும் கணக்கு மாறாது.) ஆணைக்கும் வரவுக்கும் இடைப்பட்ட காலத் தாழ்வை மறந்தவர்கள் சரக்கைக் குவித்துவிட்டுத் திகைத்தனர்.

அப்பள்ளியின் பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன், லிண்டா பூத் ஸ்வீனியுடன் இணைந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு சிந்தனைக்குரியது. காற்றிலுள்ள கரியமில வாயுவின் அளவு மேலும் உயராமல் நிற்க வேண்டுமாயின் ஆண்டுதோறும் வெளியேறும் வாயு எவ்வளவாக இருக்க வேண்டும் என்று அக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மாணவரிடம் வினவினர். வெளியேற்றம் இன்றைய அளவிலேயே நின்றால் போதும் என்ற பொருள்படவே பெரும்பாலோர் விடையளித்தனர். கணிதம் தெரியாதோர் அல்லர் அவர்கள். எனினும் பிழைத்தனர்.

பெட்டியடிப் பையன் இதிற் பிழைத்திருக்கமாட்டான் எனத் துணிந்து கூறலாம். வரவு செலவினும் மிகுந்திருக்குமட்டும், வரவு உயராவிட்டாலும் இருப்பு உயர்ந்துகொண்டேயிருக்கும். காற்றின் பேரேடும் அத்தகையதே. மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழப் பாதியையே மரமும் மண்ணும் கடலும் ஏற்கின்றன. எஞ்சியது இருப்பிற் சேருகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காயிருந்த அவ்விருப்பு, ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கிய 1958இல் ஏறக்குறைய 315. 2024இல் 420ஐக் கடந்துவிட்டது.

விரிவுரையால் திருந்தாத இப்பிழையைத் திருத்தவே, கிளைமேட் இன்டராக்டிவ் என்னும் அமைப்பும் ஸ்டெர்மனின் குழுவினரும் உலகக் காலநிலைப் பேச்சுவார்த்தையை ஒரு நடிப்புப் பயிற்சியாக வடித்தனர். வணிக மாணவர் பல நாடுகளின் தூதுவராகின்றனர். செல்வ நாட்டாருக்கு மேசையும் தின்பண்டமும்; வறிய நாட்டார் தரையில் அமர்வர். வெளியேற்றத்தை எவ்வாண்டில் குறைப்பது, காட்டை எவ்வளவு காப்பது, பணம் யார் தருவது என வாதிட்டு முடிவு கூறுவர். கணினி அதனைக் கூட்டி, 2100இல் வெப்பம் எவ்வளவு உயரும் எனக் காட்டும். முதற்சுற்றின் வாக்குறுதிகள் பெரும்பாலும் போதா. அப்போது கடல்மட்ட உயர்வைக் காட்டத் தரையில் இருப்போர்மீது பெரியதொரு விரிப்பைப் போர்த்துவதும் உண்டு. ஆசிரியர் ஒரு மணி நேரம் பேசினும் அவ்விரிப்புக்கு ஈடாகுமா என்பது ஐயமே. எட்டு நாடுகளில் 39 அமர்வுகளில் பங்கேற்ற 2,042 பேரிடம் நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. அவர்களுள் 81 விழுக்காட்டினரிடம் செயலூக்கம் மிகுந்திருந்தது.

பினாங்கில் இக்கல்விக்கு நிலம் பண்படாமலில்லை. 1969 முதல் இத்தீவில் பல்கலைக்கழகம் உள்ளது. தமிழகத்திற் பிறந்து இங்கு வணிகராய் வாழ்ந்து 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் சஹாபாட் ஆலம் மலேசியாவையும் பல்லாண்டு வழிநடத்தினார். சரவாக் காடுகளைக் காக்கும் பணிக்காக 1988இல் ரைட் லைவ்லிஹுட் விருதும் வந்தது. வணிகரும் இயற்கையின் கணக்கைப் பார்ப்பர் என்பதற்கு நம் மாணவர் தொலைவு செல்ல வேண்டியதில்லை.

பயிற்சிக்கான களமும் அருகிலேயே உள்ளது. 2017 நவம்பர் 4, 5 நாள்களின் பெருமழையில் பினாங்கு மாநிலத்தின் பல பகுதிகள் நீரில் மூழ்கின, எழுவர் மாண்டனர். கடற்கரையின் பெயர் தாங்கிய பீச் வீதி, ஒரு காலத்தில் உண்மையாகவே கரையாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்தே வெல்ட் கீ அமைந்தது. பீச் வீதிக்கு அடுத்து, அதற்கு இணையாகச் செல்வதுதான் கிட்டங்கிகள் இருந்த பினாங்கு வீதி.