தானுந்து டயர் பராமரிப்பு

தானுந்து டயர் பராமரிப்பு என்பது டயர்களின் காற்றழுத்தம், தேய்வு, வயது ஆகியவற்றை முறையாகக் கவனித்து வருதலைக் குறிக்கும். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. பிரேக் பிடிப்பதும் திரும்புவதும் அவ்விடத்தையே நம்பியுள்ளன.

காற்றழுத்தம்

நிரப்ப வேண்டிய அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய தாளிலோ வண்டியின் கையேட்டிலோ தரப்பட்டிருக்கும். பல சிறு தானுந்துகளுக்கு இது 30 முதல் 35 பிஎஸ்ஐ வரை அமையும். டயரின் பக்கச்சுவரில் பொறித்துள்ள எண் அந்த டயருக்குரிய உச்ச அளவாகும். அதுவரை நிரப்பக் கூடாது. வண்டி 3 மணிநேரமாவது நின்று டயர் குளிர்ந்த பிறகே அளக்க வேண்டும். பழுதில்லாத டயரிலும் மாதத்திற்கு ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ கசியும் என்பதால் மாதம் ஒருமுறையும் நெடும்பயணத்திற்கு முன்பும் பார்த்தல் நன்று. ரேடியல் டயரின் பக்கச்சுவர் இயல்பாகவே சற்றுப் பிதுங்கியிருக்கும். ஆகவே கண்ணால் மதிப்பிடுவதும் காலால் உதைத்துப் பார்ப்பதும் பயனற்றவை.

அழுத்தம் குறைந்த டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக மடங்கி விரிகிறது. இதனால் உள்ளே வெப்பம் பெருகி, ரப்பருக்கும் எஃகு இழை அடுக்குகளுக்கும் உள்ள பிணைப்பு தளர்கிறது. கோடையில் காற்றைக் குறைத்து வைத்தால் டயர் வெடிக்காது என்று பலர் கருதுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் சில பிஎஸ்ஐ உயர்வது இயல்பே. கையேட்டு அளவு அதனையும் கணக்கிட்டே தரப்படுகிறது. சூடான டயரிலிருந்து காற்றை இறக்கினால், ஆறிய பின் அழுத்தம் போதாமல் போகும். நைட்ரசன் நிரப்புவோரும் அழுத்தத்தைச் சோதிக்கவே வேண்டும். சாதாரணக் காற்றிலேயே 78% நைட்ரசன்தான் உள்ளது.

ஐக்கிய அமெரிக்காவில் ஃபோர்டு எக்சுபுளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்ட ஃபயர்சுடோன் டயர்களின் மேலடுக்கு பிய்ந்து, வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்தனர். 2000 ஆகத்தில் 65 இலட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரின் குறைகளுடன், பரிந்துரைக்கப்பட்ட அழுத்தம் குறைவாக இருந்ததும் அப்போது பெரும் விவாதமாயிற்று. அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவாக, 2007 செப்டம்பர் முதல் அங்கு தயாரான புதிய தானுந்துகளில் அழுத்தக் கண்காணிப்புக் கருவி கட்டாயமானது. ஆயினும் அழுத்தம் 25% குறையும்போது எச்சரித்தால் போதும் என்பதே அதன் விதி. ஆகையால் விலை குறைந்த கையளவு அழுத்தமானி ஒன்றை வண்டியில் வைத்திருத்தல் தகும்.

தேய்வும் வயதும்

வரிப்பள்ளங்களின் அடியில் 1.6 மிமீ உயரமுள்ள குறுக்குத் திட்டுகள் உள்ளன. பேச்சு வழக்கில் "பட்டன்" எனப்படும் மேற்பரப்பு இத்திட்டுகளின் மட்டத்திற்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்றிவிட வேண்டும். ஈரச்சாலையில் அதனால் நீரை வெளியேற்ற இயலாது. இரு ஓரங்களும் தேய்ந்தால் அழுத்தக் குறைவு, நடுப்பகுதி தேய்ந்தால் மிகை அழுத்தம், ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் பெரும்பாலும் சக்கர அலைன்மென்ட் பிழை எனக் கொள்ளலாம்.

குறைவாக ஓடும் வண்டியிலும் ரப்பர் முதுமை அடையும். பக்கச்சுவரில் உள்ள நான்கிலக்க எண் தயாரிப்புக் காலத்தைக் காட்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் எஞ்சியிருந்தாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தலாகாது என டயர் நிறுவனங்கள் பலவும் கூறுகின்றன.

மாற்றுச் சக்கரம்

வேல்சு நாட்டின் இலனெதிலி நகரிலுள்ள இசுடெப்னி தெருவில் 1904 அளவில் உருவானதால் மாற்றுச் சக்கரத்திற்கு "ஸ்டெப்னி" என்ற பெயர் வந்தது. இதன் அழுத்தத்தையும் மற்ற நான்குடன் சேர்த்தே அளக்க வேண்டும்.