ஈஸ்ட் இல்லாமல் இட்லி மாவு பொங்குவது எப்படி? கணினி போடும் கணக்கு

செபராங் ஜெயா வெக்கையில் ராத்திரி வெளியே வைத்த இட்லி மாவு, காலையில் வழிஞ்சு நிற்கும். உங்க வீட்டிலும் அப்படித்தானே? ஈஸ்ட் போடாமலே பொங்குதே!

முக்கியக் காரணம் 'லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ்' என்ற பாக்டீரியா. குளுக்கோஸில் 6 கார்பன் அணுக்கள். இது உடைக்கும்போது 3 லாக்டிக் அமிலத்துக்குப் போகும்; புளிப்பு அதனால்தான். 2 எத்தனாலுக்கு. மிச்சம் 1, மாவை உப்ப வைக்கும் கரியமில வாயு.

உள்ளே போனதும் வெளியே வந்ததும் சரியா இருக்கா என்று நூற்றுக்கணக்கான வினைகளுக்கு ஒரே நேரத்தில் பார்ப்பதே கணினி மாதிரி. சிங்கப்பூர், தென் கொரிய ஆய்வாளர்கள் இந்தப் பாக்டீரியாவுக்கு 2017-இல் வெளியிட்ட மாதிரியில் 620 மரபணுக்கள் இருக்கு.

ஆனா அது ஒற்றை ஆளின் கணக்கு. உங்க மாவிலோ ஒரு கூட்டமே வாழுது. புளிப்பு ஏற ஏற இது ஒதுங்க, அமிலம் தாங்கும் மற்ற பாக்டீரியாக்கள் மேலே வரும். அந்தக் கூட்டுக் கணக்குதான் கஷ்டம்.