பொறியியல் பட்டமும் முதல் சம்பளமும்: நம் கடற்கரை வரலாறு சொல்லும் பாடம்



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் திருவாடானை, தொண்டி, நம்புதாளை, சுந்தரபாண்டியன்பட்டினம் என நம் வட்டாரத்து வீடுகளில் எழும் கேள்விகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. பிள்ளையைப் பொறியியலில் சேர்க்கலாமா? படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? சம்பளம் எவ்வளவு வரும்? இவற்றுக்கு விடை காணுமுன், நம் கடற்கரை மக்கள் பிழைப்புத் தேடிச் சென்ற வழிகளைத் திரும்பிப் பார்ப்பது நலம்.

நம் முன்னோர் பலருக்கு இலங்கையே பிழைப்பின் வாசலாக இருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடிவரை இரயிலிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலுமாகக் கொழும்பு சென்றுவர முடிந்தது. சிறுவயதிலேயே கடையில் சேர்ந்து, கணக்கு எழுதக் கற்று, பின்னர் தனிக்கடை வைத்தோர் உண்டு. 1948-க்குப் பிறகு இலங்கையின் குடியுரிமைச் சட்டங்கள் இறுகின. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. அந்த வாசல் மெல்ல மூடியது.

அடுத்துத் திறந்தது வளைகுடா. 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் அந்நாடுகளில் கட்டுமானப் பணிகள் பெருகின. வெல்டிங், மின்பணி, வாகனம் ஓட்டுதல் எனக் கைத்தொழில் அறிந்தவருக்கு அங்கு வேலை இருந்தது. நம் ஊர்களில் மாடி வீடுகளை எழுப்பியது சபராளிகளின் உழைப்பே. 2011-இல் சவூதி அரேபியா ‘நிதாகத்’ திட்டத்தால் தன் குடிமக்களுக்கு முன்னுரிமை அளித்தபோது, அந்த வாசலும் குறுகத் தொடங்கியது.

மூன்றாவது வாசல் பொறியியல் கல்வி. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்தது. 1984-இல் கீழக்கரையில் முகமது சதக் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. அதே ஆண்டில், கீழக்கரையில் பிறந்து வணிகத்தில் பொருளீட்டிய பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்களின் முயற்சியால் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரி உருவானது. முந்தைய வாசல்களில் ஈட்டிய பொருளே அடுத்த தலைமுறைக்குக் கல்வி வாசலைத் திறந்தது என்பது நாம் நன்றியுடன் நினைவுகூர வேண்டிய செய்தி. 2000-இல் சென்னையில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின், கணினிப் பட்டம் என்றாலே நல்ல சம்பளம் என்ற எண்ணம் ஊரெங்கும் வேரூன்றியது.

ஆனால் பட்டதாரிகள் பெருகப் பெருகப் பட்டத்தின் விலை மாறியது. தமிழகத்தில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 500-ஐக் கடந்தது. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் புதியவர்களுக்குத் தரும் தொடக்கச் சம்பளமோ, சுமார் 15 ஆண்டுகளாக ஆண்டுக்கு 3 முதல் 3.6 இலட்சம் ரூபாய் என்ற அளவிலேயே நிற்கிறது. இதே காலத்தில் விலைவாசி இரு மடங்குக்குமேல் ஏறிவிட்டது. ஆகவே இன்றைய முதல் சம்பளத்தின் உண்மை மதிப்பு அன்றிருந்ததில் ஏறத்தாழப் பாதியே. வேலை தேடுவோர் வரிசை நீளமாக இருக்கும்போது சம்பளத்தை உயர்த்த வேண்டிய நெருக்கடி நிறுவனங்களுக்கு இல்லை.

வேலையின் அளவும் அலைபோல ஏறி இறங்குகிறது. 2001-இலும் 2008-இலும் தேக்கம் வந்தது. 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ். ஒன்றே சுமார் ஒரு இலட்சம் புதியவர்களைச் சேர்த்தது. 2023-24-இலோ அந்நிறுவனத்தின் பணியாளர் எண்ணிக்கை 13,000-க்கும் மேல் குறைந்தது. இன்போசிஸில் 25,000-க்கும் மேல் குறைந்தது.

இன்னொரு உண்மையும் உண்டு. டி.சி.எஸ். புதியவர்களை நிஞ்சா, டிஜிட்டல், பிரைம் என மூன்று தரமாகப் பிரித்துச் சேர்க்கிறது. முதல் தரத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.4 இலட்சம், அடுத்ததற்கு 7 இலட்சம், மூன்றாவதற்கு 9 இலட்சமும் அதற்கு மேலும். பட்டம் ஒன்றே, பிரிப்பது தேர்வில் வெளிப்படும் திறமை. கொழும்புக் கடையில் கணக்கு கற்றவருக்கும், வளைகுடாவில் வெல்டிங் அறிந்தவருக்கும் கைகொடுத்தது எதுவோ அதுவே இன்றும் கைகொடுக்கிறது.

இங்கே பெற்றோர் அஞ்ச வேண்டியது குறைந்த சம்பளத்தை அன்று. அதை நம்பி வாங்கும் வட்டிக் கடனை. வங்கிக் கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்தப் படிப்பு முடியும்வரை அவகாசம் உண்டு. ஆயினும் அந்த ஆண்டுகளிலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். மாதம் இருபத்தைந்தாயிரம் கையில் வாங்கும் பிள்ளை, சென்னையில் அறை வாடகையும் உணவும் போக எதை அடைப்பான்? மார்க்கம் தடுத்த வட்டி, கணக்கிலும் நம்மைத் தோற்கடிக்கிறது.

வட்டியில்லா வழிகளை முதலில் தேடுவோம். 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உள்ளது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேர்வோருக்குக் கல்விக் கட்டணத்துடன் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மஹல்லாவின் பைத்துல்மால், திறமையுள்ள ஏழை மாணவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க முன்வர வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், அண்ணா பல்கலைக்கழகத் தேர்ச்சி விகிதத்தைப் பார்ப்போம். பிள்ளைக்குக் கணக்கில் நாட்டம் இல்லையெனில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்புகளையும் தாழ்வாக எண்ணாதிருப்போம். தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்து உண்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்னதை நம் பிள்ளைகளுக்கும் சொல்வோம்.

ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். ஒரு வாசல் மூடினால் மற்றொன்றைத் திறப்பவனும் அவனே. அந்த வாசலில் நுழையும் தகுதியோடு, கடன் சுமை இன்றி நம் பிள்ளைகளை அனுப்புவது நம் பொறுப்பு. அதற்கு அவன் அருள்புரிவானாக, ஆமீன்.