மூன்று மாத விடுப்பும் ஆறு மாதப் பாலும்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி மகளையும் இரண்டு மாதப் பேரனையும் அழைத்துக்கொண்டு மணலூர்பேட்டைக்கு வந்திருந்தாள். மகளுக்குத் திருக்கோவிலூரில் ஜவுளிக்கடையில் வேலை. "அடுத்த வாரம் கடைக்கு வரச் சொல்லிட்டாங்க டீச்சர். அதான் இப்பவே புட்டிப்பால் பழக்குறோம்" என்றாள். எனக்கு என் பழைய நாள்கள் நினைவுக்கு வந்துவிட்டன. பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பு என்று நினைத்துப் படியுங்கள்.

மாடு கன்று போட்டால் சீம்பாலைக் காய்ச்சி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுப்போம். ஆனால் பெற்றவளின் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, பிள்ளைக்குச் சேனை வைத்த வீடுகள் நம் ஊர்ப் பக்கம் நிறைய. அந்த மஞ்சள் பாலில்தான் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுத்தால் தாயின் கருப்பை சுருங்கி உதிரப்போக்கு குறையும். மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறைகிறது.

இதெல்லாம் இன்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் கொடுக்க முடியவில்லை? அதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது.

1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு 12 வார விடுப்பும், வேலை நேரத்தில் பாலூட்ட தினம் இரண்டு முறை அரை மணி நேரமும் தர வேண்டும் என்றது. பம்பாய் மாகாணத்தில் 1928இல் அம்பேத்கர் ஆதரித்துப் பேசிய பேறுகாலச் சட்டம் 1929இல் வந்தது. நம் சென்னை மாகாணத்துக்கு 1934ஆம் ஆண்டுச் சட்டம். இந்தியா முழுமைக்கும் 1961இல் வந்தது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது.

எனக்கு 1986இல் மகன் பிறந்தான். அப்போது அரசு ஊழியருக்கு விடுப்பு 90 நாள். அது முடிந்ததும் பள்ளிக்கூடம் போய்விட்டேன். மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது மார்பு கட்டிக்கொண்டு ரவிக்கை நனையும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன். வீட்டில் மாமியார் புட்டிப்பால் கொடுப்பார். ஐந்தாம் மாதம் பால் வற்றிவிட்டது. "உனக்குப் பால் பத்தலை" என்றார்கள். குறை என் உடம்பில்தான் என்று பல வருஷம் நானும் நம்பினேன்.

இறைக்கிற கிணறுதான் ஊறும். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். புட்டி உள்ளே வந்தால் சுரப்பு குறையும். என்னிடம் இல்லாமல் போனது பால் அல்ல, நேரம்.

பால் பவுடர் விளம்பரங்களைக் கட்டுப்படுத்த உலக சுகாதார நிறுவனம் 1981இல் நெறிமுறை கொண்டுவந்தது. இந்தியா 1992இல் அதைச் சட்டமாக்கியது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்ற பரிந்துரை 2001இல் வந்தது. ஆனால் தமிழக அரசு ஊழியருக்கு 2011 வரை அதே 90 நாள்தான்! அந்த ஆண்டில் ஆறு மாதமும், 2016இல் ஒன்பது மாதமும், 2021இல் ஒரு வருடமும் ஆயிற்று. 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நேரத்தோடு இடமும் கொஞ்சம் கிடைத்தது.

தனியார் வேலைக்கு? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளிலும், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் என்று 2017இல் ஆக்கினார்கள். என் மாணவியின் மகளுக்கு இது தெரியாது. அவள் கடையில் இருபது பேர் இருக்கிறார்களாம். உட்காரவைத்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். முதலாளி என்ன சொல்வாரோ, பார்க்க வேண்டும்.

கரும்பு வெட்டப் போகிறவளுக்கு விடுப்பு யார் தருவது? 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் இன்று 18,000 ரூபாய் வரை கிடைக்கிறது. கர்ப்பம் உறுதியானதுமே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

உங்களில் பலர் இன்று கடை வைத்திருக்கிறீர்கள், பட்டறை நடத்துகிறீர்கள். உங்களிடம் வேலை பார்க்கும் பெண் பிள்ளை பெற்று வந்தால், தினம் இரண்டு முறை அவளை வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். வீட்டில் யாராவது "பால் பத்தலை" என்று மருமகளைச் சொன்னால், அவளுக்கு நேரம் கொடுத்தோமா என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்