கீதாசாரம் கீதையில் இருக்கிறதா?

மண்டபச் சுவரில் கிருஷ்ணர் படத்துக்குக் கீழே கீதாசாரம் எழுதித் தர உபயக்காரர் ஒருவர் முன்வந்திருக்கிறார். நல்ல மனசு. ஆனா பெயிண்டரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்.

முடிவெட்டும் கடை, சாப்பாட்டுக் கடை, காலண்டர் எல்லாத்திலும் தொங்குமே, நடந்ததும் நடக்கப்போவதும் நல்லதுதான், இழக்க நீ எதையும் கொண்டு வரவில்லை என்ற அர்த்தத்தில்? அது கீதையில் இல்லை. 18 அத்தியாயம், 700 சுலோகம், எதிலும் இல்லை.

கொஞ்சம் கிட்ட வருவது 2ஆம் அத்தியாயம். பிறந்தவனுக்கு மரணம் நிச்சயம் (27), உடம்பு பழைய துணி மாதிரி (22) என்று பகவான் சொல்கிறார். நடந்ததெல்லாம் நல்லது என்று சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வார்? போரைத் தடுக்க அஸ்தினாபுரத்துக்குத் தூது போனவரே அவர்தானே! பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வந்ததை நல்லதுன்னா சொன்னார்? 47ஆவது சுலோகத்தில், பலனை நினைக்காதே என்பதோடு, செய்யாமல் சும்மா இருக்கவும் ஆசைப்படாதே என்கிறார். அந்தப் பாதியை யாரும் காலண்டரில் போடுறதில்லை.

எனக்கு உறுத்துறது இதுதான்: பிள்ளையை ஆக்சிடண்டில் பறிகொடுத்த தாய்க்கு இந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புறாங்க, கிருஷ்ணரே சொல்லிட்டார்னு. அவர் சொல்லாததைச் சொன்னதாக்கி, அழுற தாயோட வாயை ஏன் அடைக்கணும்?

வாசகம் பிடிச்சவங்க வீட்டில் மாட்டிக்கலாம், தப்பில்லை. கோவில் சுவரில் 'பகவத் கீதை' என்று பேர் போட்டு வேண்டாம். அந்த 47ஆவது சுலோகத்தை முழுசா எழுதலாம் என்பது என் கருத்து. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் உபயக்காரரிடம் பேசுவோம்.