தொகுதியும் பகுதியும்: இந்திய உமிழ்வுக் கணக்கில் வேளாண்மையின் பங்கு

1994ஆம் ஆண்டுக்கென இந்தியா ஐ.நா.வுக்கு அளித்த முதல் கணக்கில், நாட்டின் பசுமைக்குடில் வாயு உமிழ்வில் வேளாண்மையின் பங்கு 28 விழுக்காடு. 2000இல் அது 23, 2010இல் 18, 2016இல் 14 என இறங்கி, 2019ஆம் ஆண்டுக்கான கணக்கில் 13.44ஆக நிற்கிறது. இந்தச் சரிவைக் கண்டு வேளாண்மை தூய்மையாகி வருகிறது என்பவர்கள் உண்டு. அது இனி ஒரு பொருட்டே அல்ல என்பவர்கள் அவர்களைவிட அதிகம். இரண்டு வாசிப்பும் பிழை என்பது என் வாதம். பங்கு என்பது ஒரு பின்னம். பின்னம் சிறுத்தால், தொகுதி குறைந்ததா பகுதி பெருத்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். பள்ளியில் படித்த கணக்குதான். உமிழ்வு என்று வரும்போது மறந்துவிடுகிறோம்.

பார்ப்போம். கார்பன் டை ஆக்சைடுக்குச் சமப்படுத்திய அளவில் 1994இல் மொத்தம் 122.9 கோடி டன். அதில் வேளாண்மை 34.4 கோடி. 2019இல் மொத்தம் 313.2 கோடி, வேளாண்மை சுமார் 42.1 கோடி. பங்கு பாதிக்கும் கீழே போன இருபத்தைந்து ஆண்டுகளில் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. வேளாண்மை அல்லாத பிற துறைகளோ 88.4 கோடியிலிருந்து 271 கோடியாகி, மும்மடங்கைத் தாண்டிவிட்டன. அவை 1994இல் இருந்தபடியே நின்றிருந்தால், இதே 42.1 கோடி டன்னோடு வேளாண்மையின் பங்கு 32 விழுக்காட்டுக்கு ஏறியிருக்கும். ஆக, சரிவை எழுதியது வயல் அல்ல, நிலக்கரி. 2020இல் இது தலைகீழாக நடந்தது. பெருந்தொற்றில் ஆலைகளும் வண்டிகளும் முடங்க, மொத்தம் ஏறத்தாழ 5.5 விழுக்காடு குறைந்து 295.9 கோடிக்கு வந்தது. வேளாண்மையின் உமிழ்வும் சற்றுக் குறைந்தது. ஆனால் அதன் பங்கு 13.72ஆக உயர்ந்தது.

தொகுதியைப் பற்றியும் ஐயம் வேண்டும். அது எப்படி உருவானது என்பதற்கு நெல் வயலின் கதையே சான்று. 1990ஐ ஒட்டி, மேற்கத்திய நாடுகளின் அளவீடுகளை இந்திய நிலத்தின் மேல் விரித்து, இங்குள்ள நெல் வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேனை விடுகின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. ஏழை உழவனின் நெல்லையும் பணக்கார நாட்டின் காரையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் எழுதினார்கள். பிழைப்புக்கான உமிழ்வு வேறு, சொகுசுக்கான உமிழ்வு வேறு என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டு தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா முன்னின்று நடத்திய அளவீட்டு இயக்கம் வயலிலேயே இறங்கியது.

முறை எளியது, பொறுமையைச் சோதிப்பது. நட்ட பயிரில் சில குத்துகளை உள்ளடக்கி ஒளிபுகும் அக்ரிலிக் பெட்டி ஒன்றைக் கவிழ்ப்பார்கள். கால் பட்டுச் சேறு கலங்கினால் அடியில் கிடக்கும் வாயு குமிழியாகக் கிளம்பிக் கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் பலகை போட்டு அதன்மேல் நிற்பார்கள். குறித்த நிமிடங்களுக்கு ஒருமுறை ஊசிக்குழலால் காற்றை உறிஞ்சி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். விடை சுமார் 40 இலட்சம் டன். முந்தைய மதிப்பீட்டில் ஒன்பதில் ஒரு பங்குகூட நெருக்கிப் பிடித்தால்தான் தேறும். 1994ஆம் ஆண்டுக் கணக்கில் நெல் வயல் மீத்தேன் 40.9 இலட்சம் டன் என்று ஏறியது இந்த உழைப்பின் தொடர்ச்சிதான்.

இப்படிச் செப்பனிட்ட கணக்கிலும் தையல் தெரியும் இடங்கள் உண்டு. எரு மேலாண்மையின் உமிழ்வு 2007ஆம் ஆண்டுக் கணக்கில் 24 இலட்சம் டன்; 2016இல் 2.7 கோடி டன். நாட்டில் சாணம் பதினோரு மடங்காகவில்லை. மாறியது கணக்கிடும் விதம் என்றே கொள்ள வேண்டும். வாயுக்களைச் சமப்படுத்தும் எண்ணும் அப்படித்தான். 2016 கணக்கில் ஒரு டன் மீத்தேன் 21 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஐந்தாம் அறிக்கையில் அது 28. கால்நடைச் செரிமானமும் நெல்லும் சேர்ந்து 2016இல் வேளாண் உமிழ்வில் 72 விழுக்காடு, அதாவது 29 கோடி டன்னுக்கு மேல். 28ஆல் பெருக்கினால் அது 39 கோடியைத் தொடும். ஒரு மாடுகூடக் கூடாமல் ஏறத்தாழ 10 கோடி டன் கூடிவிடும்.

பங்கு மறைப்பது இன்னொன்றும் உண்டு. 1993-94இல் 6.06 கோடி டன்னாக இருந்த பால் உற்பத்தி 2018-19இல் 18.77 கோடி டன்னானது. மும்மடங்குப் பாலுக்கு வேளாண் உமிழ்வு முழுவதுமே 22 விழுக்காடுதான் கூடியது. இந்தியக் கணக்குகளில் நாட்டுக் கறவைப் பசுவுக்கு ஆண்டுக்கு 28 கிலோ மீத்தேன், கலப்பினப் பசுவுக்கு 43 கிலோ. தலைக்கு அதிகம், லிட்டருக்குக் குறைவு. நாட்டு மாடு குறைந்ததை நான் கொண்டாடவில்லை, அதன் இழப்பு வேறு கணக்கு. ஆனால் பாலுற்பத்தியில் நேர்ந்த இந்த மாற்றத்தைப் பங்கு என்னும் எண்ணில் எங்கே தேடுவது?

எல்லைக்கோட்டுச் சிக்கல் இதைவிடப் பெரியது. கணக்கில் வேளாண்மை என்பது மாட்டின் வயிறு, எரு, நெல் வயல், மண், எரியும் தாள் ஆகியவை மட்டுமே. நிலத்தில் விழுந்த யூரியாவிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு வேளாண்மையில் சேரும். அந்த யூரியாவுக்கான அமோனியாவைத் தயாரிக்கையில் எழுவது தொழில்துறையில் போய் உட்காரும். டிராக்டரின் டீசலும் பம்புசெட்டின் மின்சாரமும் எரிசக்திப் பேரேட்டில். நாட்டின் மின் நுகர்வில் வேளாண்மைக்குப் போவது 17 விழுக்காட்டை ஒட்டியது. மின் உற்பத்தியோ மொத்த உமிழ்வில் ஐந்தில் இரண்டு பங்குக்கு அருகில். சராசரி வைத்துப் பெருக்கினால் பம்புசெட்டுகள் மட்டும் மொத்தத்தில் 6 முதல் 7 விழுக்காடு. தோராயம்தான். ஆனால் 13.44 என்ற எண் கோடு கிழித்த இடத்தைப் பொறுத்து ஐந்தில் ஒரு பங்காகவும் ஆகலாம் என்பதற்கு இந்தத் தோராயம் போதும்.

கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டுக்குப் பின் 2020ஐக் குறிவைத்து, உற்பத்தி மதிப்பு அலகுக்கான உமிழ்வை 20 முதல் 25 விழுக்காடு குறைப்பதாக இந்தியா உறுதி சொன்னபோது, வேளாண் உமிழ்வு அந்த மதிப்பீட்டில் சேராது என்று வெளிப்படையாகவே விலக்கி வைத்தது. பிழைப்புக்கான உமிழ்வு என்ற வாதத்தின் அரசாணை வடிவம் அது. விலக்கு நியாயமானது என்றே கருதுகிறேன். ஆனால் அந்த விலக்கின் நிழல், உழவனுக்கே ஆதாயமான மாற்றங்களின் மேலும் விழுந்துவிடுகிறது.

நம் உழவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லும் நீர் முறையை எடுத்துக்கொள்வோம். 2007 கணக்கின் காரணிகளின்படி, எப்போதும் நீர் நிற்கும் வயல் எக்டேருக்கு 162 கிலோ மீத்தேன் விடும். ஒருமுறை காய விட்டால் 66. பலமுறை காய விட்டால் 18. காயும்போது நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும். அதைக் கழித்தாலும் மிச்சம் பெரியது. இதில் குறையும் மீத்தேன் வேளாண்மைப் பேரேட்டில் பதிவாகும். கிணற்றுப் பாசனத்தில் அதே காய்ச்சலால் மிச்சமாகும் மின்சாரம் எரிசக்திப் பேரேட்டில் குறையும். அந்தப் பேரேடு சுருங்கினால் பகுதி சுருங்கும். அந்த அளவுக்கு, மோட்டாரை நிறுத்திய உழவனின் துறைக்குப் பங்கு கூடியதாகவே கணக்கு காட்டும்.