கம்பளிப் போர்வையின் கதை

வடபுலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் குளிர்காலம் கற்றுத் தந்த வேலைகளுள் கம்பளிப் பின்னலும் ஒன்று. டில்லியில் மார்கழி, தை மாதத்து இளவெயிலில் அமர்ந்து, அண்டை வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி ஊசி பிடிக்கக் காட்டிக்கொடுக்க, நம் பெண்டிர் பலர் முதலில் மப்ளரும், பின்னர் ஸ்வெட்டரும், துணிவு வந்தபின் போர்வையும் பின்னினர். இதனைப் பெண்களின் பொழுதுபோக்கென்று இலேசாகக் கருதுவோர் உளர். வரலாறு அவர்கள் பக்கம் இல்லை.

நெசவுக்குப் பாவும் ஊடும் தறியும் வேண்டும். பின்னலுக்கு நூலும் இரண்டு ஊசிகளும் போதும். கண்ணிக்குள் கண்ணியாக நூலை இழுத்துச் செல்வதே அதன் சூட்சுமம். எகிப்தில் கிடைத்துள்ள பருத்திக் காலுறைகள் இக்கலையின் மிகப் பழைய சான்றுகளுள் அடங்கும். ஐரோப்பாவில் பரவியபின் நகரங்கள் தோறும் பின்னற்காரர் சங்கங்கள் எழுந்தன.

அவற்றுள் ஸ்ட்ராஸ்பர்க் நகரச் சங்கம் குறிப்பிடத்தக்கது. அங்கே ஆசான் பட்டம் பெற விழைந்தவன் தொப்பி, காலுறை முதலியவற்றோடு, பூவும் கொடியும் விலங்கும் நிறைந்த பெரிய கம்பளி விரிப்பொன்றையும் பின்னிக் காட்ட வேண்டும். அதுவே தேர்வு! 1781 என்று ஆண்டு பொறித்த அத்தகைய விரிப்பொன்று லண்டன் விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அத்தேர்வின் அருமை, தாமே போர்வை பின்ன முனைந்தவர்க்குத்தான் புரியும். பத்து சென்டிமீட்டர் அகலத்தில் 20 கண்ணிகளும், அதே உயரத்தில் 28 வரிசைகளும் அமைவதாகக் கொள்வோம். 120 சென்டிமீட்டர் அகலமும் 150 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட போர்வைக்கு 240 கண்ணிகள், 420 வரிசைகள். ஆக 1,00,800 கண்ணிகள். இன்னொரு தொல்லையும் உண்டு. கண்ணி சதுரமன்று, உயரத்தைவிட அகலம் மிகுந்தது. கட்டம் போட்ட சாதாரணத் தாளில் வட்டமான ரோஜா வரைந்து, கட்டத்துக்கொரு கண்ணியாகப் பின்னினால், போர்வையில் அது மிதிபட்ட ரோஜாவாகத் தோன்றும். ஆகவே முதலில் சிறு மாதிரியொன்று பின்னி, அளந்து, அதன் விகிதத்திற்கேற்பக் கட்டம் வரைந்துகொள்ள வேண்டும். இதனைச் சோம்பலால் தவிர்ப்பவர் பாதிப் போர்வையைப் பிரிக்க நேரும்.

1589ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரத்தை அமைத்தார். எலிசபெத் அரசியிடம் அவர் கோரிய உரிமை கிட்டவில்லை. எனினும் இயந்திரம் நாளடைவில் வென்றது. கூலிக்குப் பின்னிய கிராமப் பெண்கள் அக்காலத்திலும் பலர் இருந்தனர். ஆசான் பட்டமோ பெரும்பாலும் ஆடவருக்கே உரியதாயிருந்தது. பட்டமும் வருவாயும் மறைந்த பிறகே இது "பெண்கள் வேலை" ஆயிற்று என்பது என் எண்ணம்.

நம் நாட்டுக்கு ஊசிப் பின்னல் ஐரோப்பியர் வழியாகப் பரவியது. கம்பளித் தொழிலோ இங்கு முன்னரே வேரூன்றியிருந்தது. 1833ஆம் ஆண்டுக் காஷ்மீரப் பஞ்சத்திற்குத் தப்பி வந்த சால்வை நெசவாளர் பலர் லூதியானாவில் குடியேறினர். பின்னாளில் அந்நகரமே கம்பளிப் பின்னலாடைக்குப் பெயர்பெற்றது. 1962ஆம் ஆண்டு சீனப் போரின்போது, இமயத்தில் நின்ற படைவீரருக்காக நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டர் பின்னி அனுப்பினர். அன்று எவரும் அதனைப் பொழுதுபோக்கு என்று சொல்லவில்லை.

குளிரே அறியாத சென்னைக்கும் இக்கதையில் இடம் உண்டு. 2016ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், "மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்" என்ற மகளிர் குழு, கொக்கி ஊசியால் பின்னிய சிறு போர்வைகளை ஒன்றாய் இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள பெரும்போர்வையை அங்கே விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. குரோஷே, இரட்டை ஊசிப் பின்னலுக்குத் தங்கை முறை. பல ஊர்ப் பெண்கள் தத்தம் வீட்டில் பின்னியனுப்பிய அத்துண்டுகள் பின்னர் பிரிக்கப்பட்டு, வறியவர்க்குப் போர்வைகளாகச் சென்றன.